வாயு லிங்கத்து மஞ்சள் விளக்கு

ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, புளியமரத்துக்கும் டீக்கடைச் சுவருக்கும் நடுவில் வண்டியைச் சொருகியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டுப் பேச்சு நின்றது. முன்சீட்டில் இருந்த ராணியம்மாள் குனிந்து, ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் எரிந்த அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு கார், அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகள். படம் அவ்வளவுதான்.

"நான் சொன்னேன் இல்ல? வாயு லிங்கம் வந்தா எரியும். கும்புட்டு வந்து பாரு, அணைஞ்சிருக்கும்."

அவளுடைய தங்கை குடும்பம் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தது. எல்லோரும் இறங்கி, சாலையைக் கடந்து போய்க் கற்பூரம் ஏற்றினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் எழிலரசி சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைந்தன. மஞ்சள் விளக்கும் அவற்றோடு அணைந்தது. ராணியம்மாளின் தங்கை கையை நீட்டி டாஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எழிலரசி வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஓட்டுகிறவள் அவள். விளக்கு ஏன் எரிகிறது என்று அவளைத்தான் எல்லோரும் கேட்டார்கள், ராணியம்மாளைத் தவிர. ராணியம்மாளுக்குப் பதில் தெரியும். போஸ்டாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். முழங்கால் வலி. நடந்து மலையைச் சுற்ற முடியாது. அதனால் திங்கள்கிழமை தோறும் எழிலரசியின் காரில் சுற்றுவாள். விளக்கை முதலில் கவனித்ததும் அவள்தான். அவள் சொல்லிச் சொல்லி, இப்போது அந்தச் சந்தில் தங்கியிருக்கும் மற்றவர்களும் அந்தக் கார்தான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ரிப்பேர் கிப்பேர் என்று கை வைத்துவிடாதே என்று ராணியம்மாள் எழிலரசியிடம் தனியாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

கார் எழிலரசியுடையது அல்ல. அண்ணன் மணிவேலுடையது. கீழ்பென்னாத்தூரில் அவனுக்கு நிலம் இருந்தது, மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டிருந்தான், லோடு ஏற்ற இரண்டு வேன்கள் வைத்திருந்தான். ஏழு பேர் உட்காரும் இந்த வெள்ளை வண்டியைப் போன வருஷம் வாங்கித் தங்கையிடம் விட்டிருந்தான். அதற்கு முன் எழிலரசி துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பான். புருஷன் செழியனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, விடுப்பு கிடைத்தால் வருவான். அவள் அடி அண்ணாமலையில் மாமியாரோடு இருந்தாள்.

டிரைவிங் ஸ்கூலில் அவளோடு சேர்ந்தவர்கள் மிதிக்கச் சொன்னால் மிதித்தார்கள். அவள் மட்டும், கிளட்சை மிதிக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று கேட்டாள். மிதிச்சா மிதிபடும், வேறென்ன என்றான் சொல்லிக்கொடுத்தவன். அவள் விடவில்லை. செங்கம் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்த பரசுராமனிடம் போய்க் கேட்டாள். அவர் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் ஜன்னலில் வைத்திருந்தாள். மாமியார் அதன்மேல் பால் சொம்பு வைக்க ஆரம்பித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரி போனில் செழியனிடம் அவள் பேசுவது பாதி இந்த மாதிரி விஷயங்களாகவே இருக்கும். எல்லாப் பொண்டாட்டியும் சாப்ட்டியான்னு கேப்பாங்க, நீ டர்போன்னா இன்னான்னு கேக்கற என்பான் அவன்.

மஞ்சள் விளக்கு முதல்முறை எரிந்த அன்றைக்கே வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து அந்தப் படத்தைத் தேடினாள். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று போட்டிருந்தது. பரசுராமன் அதை விளக்கினார். நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஈரத்தில், சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றினால் அதை வண்டியே பிடித்து நிறுத்தும். விளக்கு எரிந்தால் அந்த வேலை நடக்காது. மற்றபடி வண்டி ஓடும்.

அதைக் கேட்ட பிறகு வண்டி ஓட்டுவதே அவளுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. நாலு சக்கரமும் கீழே எண்ணிக்கொண்டே வருகின்றன என்ற நினைப்பு. மலையை வலமாகச் சுற்றும்போது இடது சக்கரங்கள் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்குமே, அது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்று கேட்டாள். பரசுராமன் தலையைச் சொறிந்துவிட்டு, தெரியும்னுதான் நினைக்கறேம்மா என்றார்.

அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இடது முன்சக்கரத்து சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்று காட்டியது. சென்சாரை மாற்றினார். அடுத்த திங்கள்கிழமை வாயு லிங்கத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மறுபடி கழற்றி, துடைத்து, மாட்டினார். எரிந்தது. மூன்றாவது தடவை அவள் போனபோது, எந்த லிங்கத்துக்கிட்டம்மா எரியுதுன்னு சொன்ன என்று கேட்டுவிட்டு, மலை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். அவருக்கும் மனசு ஆட்டம் கண்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

மணிவேலுக்கு விளக்கின் படத்தைப் போனில் அனுப்பியவள் அவளேதான். அவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்து அனுப்பினாள். அவன் அடுத்த நாளே நேரில் வந்து நின்றான்.

"பொம்பள கையில வண்டி நிக்காதுன்னு ஊர்ல அத்தன பேரும் சொன்னாங்க. நான் காதுல வாங்கல, பாப்பா. ஆனா புது வண்டிக்கு வெளக்கு எரிஞ்சா நான் இன்னான்னு சொல்றது? வர்ற அமாவாசை வரைக்கும் பாக்கறேன். மறுபடியும் எரிஞ்சா வல்லரசு கிட்ட குடுத்துடுவேன். அவன் கேட்டுக்கினே இருக்கறான்."

வல்லரசு அவனுடைய வேன் ஒன்றை ஓட்டுகிறவன். சும்மா ஓட்டுகிறவன் இல்லை, நன்றாகவே ஓட்டுவான். அதனால்தான் எழிலரசிக்குப் பயமாக இருந்தது. துணிக்கடையில் இப்போது வேறு பெண் நிற்கிறாள். அங்கே இடம் இருந்தாலும் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ஒரு பக்கம் விளக்கு எரிய வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள். மறுபக்கம் எரியக்கூடாது என்கிற அண்ணன். அவளுக்கோ இரண்டையும் விட, அது ஏன் எரிகிறது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மற்ற ஏழு லிங்கங்களை விட்டுவிட்டு வாயு லிங்கத்தில் மட்டும் ஏன்? காற்றுக்கு உரிய லிங்கம் என்பதாலா? டயரில் காற்று கம்மியோ என்று அதையும் பார்த்தாள். சரியாக இருந்தது.

அமாவாசைக்கு முந்தின திங்கள்கிழமை புளியமரத்தடியில் யாரோ இளநீர் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். வழக்கமான இடம் இல்லை. எழிலரசி கொஞ்சம் தள்ளிப் போய்ச் சாலையோரமாகவே நேராக நிறுத்தினாள். ராணியம்மாளும் அவளோடு வந்திருந்த ஒரு வேலூர் குடும்பமும் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரியவில்லை.

"இன்னிக்கி கூப்புடல" என்றாள் ராணியம்மாள்.

பிறகு பொதுவாக, யாருனா எதுனா சாப்ட்டுட்டு வந்தீங்களா என்று கேட்டாள். வேலூர்க்காரரின் மாப்பிள்ளை, முந்தின நாள் பிரியாணி சாப்பிட்டதை ஒத்துக்கொண்டார். நேத்துதானே, குளிச்சாச்சே என்றும் சொன்னார். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை வண்டியிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

எழிலரசி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. அதைவிட, உள்ளே ஏதோ ஒன்று பிடிபட்ட மாதிரி இருந்தது. லிங்கம் அதே லிங்கம். ஆட்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஆட்கள். மாறியது வண்டி நின்ற இடம் ஒன்றுதான்.

மத்தியானம் தனியாக வந்தாள். இளநீர் வண்டி போய்விட்டிருந்தது. புளியமரத்தைப் பார்த்து ஒடித்துச் சொருகினாள். எரிந்தது. அணைத்துப் போட்டு வெளியே எடுத்தாள். மறுபடி சொருகினாள். எரிந்தது. டீக்கடைக்காரர் வெளியே வந்து, எதுனா வேண்டுதலாம்மா என்று கேட்டார். ஆமாண்ணே என்றாள். அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்று தெரியவில்லை.

இடமா, இல்லை இடத்துக்குள் நுழைகிற விதமா? வண்டியை அடி அண்ணாமலைக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு காலி இடத்துக்கு ஓட்டிப்போனாள். எல்லைக்கல்லும் முள்ளும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. எந்த லிங்கமும் கண்ணுக்குத் தெரியாத தூரம். வலது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட்டாள். ஒன்றும் இல்லை. இடது பக்கம் ஒடித்தாள். பாதிவரை ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங் முட்டி நிற்கும் இடத்துக்கு வந்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவள் என்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. மலையைச் சுற்றும்போது வளைவெல்லாம் வலது பக்கம். ஊருக்குள் யூ டர்ன் அடித்தாலும் வலது பக்கம்தான். வீட்டெதிரே நேராக நிறுத்துகிறாள். இடது பக்கம் முட்ட முட்ட ஒடிப்பது அந்தப் புளியமரத்தடியில் மட்டும். ஒருமுறை எரிந்தால் சாவியைத் திருப்பி அணைக்கும்வரை எரியும் என்று பரசுராமன் சொல்லியிருந்தார். சொருகியதும் ஸ்டீயரிங்கை நேராக்கி, கும்பிடப் போகிறவர்களுக்காக அவள்தான் அணைக்கிறாள். திரும்பி வந்து போட்டால் இருக்காது. சாமி கும்பிட்டதால் அணைந்ததாகத் தெரியும்.

சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

ஸ்டீயரிங்கை ஒடித்தபடியே விட்டு இறங்கினாள். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. துப்பட்டாவைத் தரையில் போட்டுப் படுத்து, அந்த இடைவெளிக்குள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். சேறு, சுருள் கம்பி, ரப்பர் குழாய். அதற்கு நடுவே கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் கயிறு. திருஷ்டிக் கயிறு. காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழமும், ஒரு படிகாரத் துண்டும் அதில் தொங்கின. கயிறு போன இடத்தில் சென்சாரின் ஒயரையும் சேர்த்து இறுக்கியிருந்தது. சக்கரம் திரும்பும்போது ஒயரும் கூடவே திரும்ப வேண்டும். கயிறு அதைத் திரும்பவிடவில்லை. ஒயரை மேலே சொருகியிருந்த முனை விறைப்பாக இழுபட்டு நின்றது; சேதி அங்கேதான் அறுபடுகிறது.

பரசுராமனிடம் போனாள். கயிற்றைப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"பாத்தேம்மா. மூணு தடவையும் பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணே அப்படியே வுட்டீங்க?"

"சென்சார மாத்தும்போது ஒயர அதுக்குள்ள வுட்டுதாம்மா எடுத்தேன். மறுபடி அது வழியாவே கோத்து வுட்டேன். முடிச்சு கலையாம." அவர் குரல் இறங்கியது. "யார் கட்டுனதோ, எந்தக் கோயில்ல மந்திரிச்சதோ. அடுத்தவங்க கயித்த நம்ம எப்படிம்மா அறுக்கறது? இந்தக் கடையில நான் எத்தன வண்டி பாத்துருக்கேன். இதுவரைக்கும் ஒரு கயிறு அறுத்ததில்ல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையில் கட்டிங் பிளேயர் இருந்தும் இப்போதும் அதை நீட்டவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்றார். எழிலரசி வற்புறுத்தவில்லை. அவளாலும் அதை அறுக்க முடியாது. வேறு காரணத்துக்காக. கட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கியபோது பூசணிக்காய் உடைத்து, பம்பரில் கட்டினால் திருட்டுப் போகும் என்று சொல்லிக்கொண்டே சக்கரத்துக்குள் கை விட்டது மணிவேல். அவன் போட்ட முடிச்சை அவள் அவிழ்ப்பதற்கில்லை.

அவனுக்குப் போன் போட்டாள். விளக்கு எரிகிறது, அந்த பிளாட்டுக்கு வா என்று இடத்தை மட்டும் சொன்னாள். பரசுராமனும் தன் பைக்கில் அவளோடு அங்கே வந்தார்.

வெயில் தாழ்ந்தபோது மணிவேல் பைக்கில் பிளாட்டுக்கு வந்து சேர்ந்தான். வெள்ளை வேட்டி, முகம் கடுகடு என்று. வரும் வழியிலேயே வல்லரசுக்குச் சொல்லிவிட்டதாகவும், அவன் காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வான் என்றும் நின்றபடியே சொன்னான். எழிலரசி வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள். பரசுராமன் தன் பைக்கின் மேல் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. சாவி வண்டியிலயே கீது. நீயே ஓட்டிப் பாரு. இந்தப் பக்கம் ஃபுல்லா ஒடி."

அவன் உட்கார்ந்து ஒடித்தான். விளக்கு எரிந்தது. "தோ எரியுது. இதக் காட்டவா கூப்புட்ட?" என்றான்.

"எறங்கி வந்து பாரு."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். அவள் வெளிச்சம் பிடித்தாள். ஒயரையும் கயிற்றையும் மேலே இழுபட்டிருந்த முனையையும் விரலால் காட்டினாள். சக்கரம் திரும்பினால் என்ன ஆகிறது என்று சொன்னாள். அவன் குனிந்தபடியே முடிச்சைத் தொட்டுப் பார்த்தான்.

"இது நான் கட்டுனது" என்றான்.

"தெரியும்."

"நீயே அறுத்துப் போட்டுருக்கலாமே, பாப்பா. எதுக்கு என்னக் கூப்புட்ட?"

"நான் அறுத்தா, நாளைக்கு வண்டி எங்கனா இடிச்சா, நீ அறுத்ததாலதான்னு சொல்லுவ."

அவன் யோசித்தான். "சொல்லுவேன்" என்றான்.

முடிச்சு லேசில் வரவில்லை. சேறு ஏறி இறுகிப்போயிருந்தது. பரசுராமன் பிளேயரை நீட்டாமல் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அதால் நெம்பி நெம்பி, நகத்தில் ரத்தம் வரும்வரை அவிழ்த்தான். கட்டும்போது நல்லாத்தான் கட்டியிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவிழ்த்த கயிற்றை ஒரு கவரில் போட்டு பைக்கில் மாட்டினான். கால் படாத இடத்தில் போட வேண்டும்.

பரசுராமன் ஒயரை அதற்கென்று இருந்த கிளிப்பில் சொருகி, மேல் முனையைக் கழற்றி, தளர்ந்திருந்த ஊசியை அழுத்தி மறுபடி மாட்டினார். முதலில் இருந்த சென்சாரும் நல்லதாகத்தான் இருந்திருக்கும் என்று முணுமுணுத்தார். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மணிவேல் மறுபடி உட்கார்ந்து இடது பக்கம் முட்ட ஒடித்தான். எரியவில்லை. அப்படியே ஓட்டினான். வெற்று பிளாட்டில் வண்டி இடமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று போதும் என்று எழிலரசி நினைத்தாள். அவன் நிறுத்துவதாகத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தபோது முன்னால் பார்க்காமல் விளக்கு இருக்க வேண்டிய இடத்தையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். மலை பக்கத்துலயே வெச்சிக்கினு எடமா சுத்தறாரே என்று பரசுராமன் சங்கடப்பட்டார்.

இறங்கியதும் மணிவேல் கேட்டது, இனிமேல் கயிற்றை எங்கே கட்டுவது என்பது. கட்டியே ஆகணுமா என்றாள் எழிலரசி. கட்டியே ஆகணும் என்றான். முன் பம்பருக்குக் கீழே வண்டி இழுக்கிற கொக்கியை பரசுராமன் காட்டினார். அங்கே ஒயர் ஒன்றும் கிடையாது.

"வல்லரசு காலையில வருவான்" என்றான் மணிவேல், காரைப் பார்த்தபடி.

"நீதான் வரச் சொன்ன. நீதான் வராதன்னு சொல்லணும்."

அவன் கொஞ்ச தூரம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தான். காற்று அவர்கள் பக்கம் அடித்தது. ஒயரில் ஏதோ கோளாறு, சரி பண்ணியாச்சு, வண்டி பாப்பாவே ஓட்டட்டும், நீ வேனையே பார் என்று அவன் சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் வல்லரசு என்னவோ கேட்டிருக்க வேண்டும். யாராலன்னு எப்படிறா சொல்றது, ஒயர்னா அப்படித்தான் என்றான் மணிவேல். எழிலரசி பரசுராமனைப் பார்த்தாள். பரசுராமன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எழிலரசி விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனாள். ரயிலில் வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டாள். செஞ்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு இடத்தில் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள், சேற்றில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு ஏறியது. வந்தவர்களை அறையில் இறக்கிவிட்டாள். யார் சொன்னார்களோ, ராணியம்மாள் போன் செய்து, விளக்கை ரிப்பேர் பண்ணிவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம்மா என்றாள். அடுத்த திங்கள் வரவேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்றாள் ராணியம்மாள். மத்தியானம் வேறு சவாரி இல்லை. எழிலரசி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். வண்டிக்குள் இருந்த மேட்டுகளை எடுத்துச் சேற்றைக் கழுவினாள். மழை விடாததால் அவற்றை உள்ளேயே காயப்போட்டாள்.